சம்பளக் கட்டத்தைக் காலியாக விட்டவளின் மடல்

மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பிள்ளைகளின் மேற்படிப்புக்குக் கல்வி நிதி வழங்கும் பெரியவர்களுக்கும், அந்தக் குழுவில் இருக்கும் ஒரே அம்மாவுக்கும் வணக்கம்.

சங்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் யாரென்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் யாரென்று ஊருக்குத் தெரியும், அது போதும். அன்றைக்கு நேர்காணலிலேயே பேசியிருக்கலாம். வாய் வரவில்லை. எட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எனக்கு அடுத்து பார்மசி படிக்கப் போகும் தம்பி ஒருவன் புதுச் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் நேரத்தை எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

உங்கள் விண்ணப்பப் பாரத்தில் 14ஆம் கேள்வி: ‘படிப்பு முடிந்ததும் எதிர்பார்க்கும் மாதச் சம்பளம்’. மற்ற எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டு அதை மட்டும் காலியாக விட்டிருந்தேன். பொருளாளர் ஐயா பேனா முனையால் அந்தக் கட்டத்தை இரண்டு தட்டுத் தட்டினார்.

“மனித உரிமை, சமூக நீதி, முதுகலை. ஏம்மா, இது லாயர் படிப்பா?”

“இல்லைங்கய்யா.”

“அப்ப இதப் படிச்சிட்டு என்ன வேலைக்குப் போவ?”

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்தவர், “ஹிண்ட்ராப் மாதிரி ரோட்டுல நிக்கிற வேலைதான்” என்றார். 2007இல் மலேசிய இந்தியர் உரிமை கேட்டுத் தெருவில் இறங்கிய இயக்கம் அது. எல்லாரும் சிரித்தோம். நானும்தான். பாசார் தாண்டி மோட்டாரில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் நான் எதற்குச் சிரித்தேன் என்று எனக்கே கோபம் வந்தது.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. தொழில்சார் துறைகளுக்கே முன்னுரிமையாம். சரி. எனக்காக இதை எழுதவில்லை. இபிஎஃப் சேமநிதியில் படிப்புக்கு எடுக்க அனுமதிக்கும் கணக்கிலிருந்து எடுத்து முதல் பருவக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன். மாதம் இரண்டு சனிக்கிழமை ரயிலேறிக் கோலாலம்பூர் போய் வருகிறேன். வகுப்பிலேயே வயதில் மூத்தவள் நான்தான், நாற்பத்தொன்று. ஆனால் அடுத்த மாதம் உங்கள் மேசைக்கு முன்னால் வந்து உட்காரப் போகிறவளுக்கு இருபத்து மூன்று வயது. அப்பா எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அவளுக்கு எடுக்கச் சேமநிதி ஏது? அவளும் இதே படிப்பைத்தான் கேட்கப் போகிறாள். அவளிடமும் 14ஆம் கேள்வியைத் தட்டுவீர்கள். அதனால்தான் இந்த மடல்.

முதலில் என் அம்மாவின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா இருபத்தேழு வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு. நெற்றியில் விளக்கு, கையில் உளி, கொசுவுக்குப் புகையும் துணித் திரி. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. 1996இல் தோட்டம் கை மாறியது. ரப்பரை அழித்துப் பாதி நிலத்தில் செம்பனை, மீதியில் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகள் என்று பேச்சு. ஆபீஸ் சுவரில் ஆங்கிலத்தில் ஒரு தாளை ஒட்டினார்கள். தோட்டத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணிதான் அதைப் படித்துச் சொன்னார். “கம்பெனி நல்ல மனசோட ஆளுக்கு 2,500 வெள்ளி தருது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க. மூணு மாசத்துல வீட்டைக் காலி பண்ணிடணும்.”

நான் அப்போது ஆறாம் வகுப்பு. அம்மா பக்கத்தில் நின்றிருந்தேன். அவருக்குக் கையெழுத்து வராது. கட்டைவிரலை மைப்பெட்டியில் ஒற்றித் தாளில் வைத்தார். பிறகு அந்த விரலைக் கைலியில் துடைத்தார். மஞ்சள் கைலி. எத்தனை சோப்பு போட்டும் அந்த ஊதாக் கறை போகவில்லை. அதைக் கட்டிக்கொண்டுதான் தாமானில் வாடகை வீட்டுக்குக் குடிபோனோம்.

பதின்மூன்று வருஷம் கழித்து, வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக நான் சேர்ந்திருந்தபோது, வேறு யாருடைய வழக்குக்கோ ஒரு விதிமுறையைப் பிரதியெடுக்கச் சொன்னார்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் 1980இல் வந்த ஆட்குறைப்பு நிவாரண விதிமுறை. இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்துக்குப் பத்து நாள் கூலி, இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் என்றால் பதினைந்து நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். பிரதி இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அலுவலகக் கல்குலேட்டரை எடுத்தேன். 27ஐ 20ஆல் பெருக்கினால் 540 நாள். அம்மாவின் நாள் கூலி அப்போது சராசரி 14 வெள்ளி. 7,560 வெள்ளி வர வேண்டும். நல்ல மனசோடு கொடுத்தது 2,500. மீதி 5,060 வெள்ளி எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. கேட்க வேண்டிய காலமும் எப்போதோ கடந்துவிட்டது.

அன்று இரவு அம்மாவிடம் சொன்னேன். நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தலையை நிமிர்த்தாமல், “அப்ப வீடு?” என்றார்.

பெரியவர்களே, பணத்துக்கு விதிமுறை இருந்தது. நமக்குப் படிக்கத் தெரியவில்லை, படிக்கத் தெரிந்தவர் வாயைத் திறக்கவில்லை. அதற்கு நல்ல வக்கீல், நல்ல குமாஸ்தா போதும். முதுகலை எதற்கு என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். ஆனால் வீட்டுக்கு விதிமுறையே இல்லை. தோட்டத் தொழிலாளர் வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர், மருத்துவ வசதி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்கிறது. எல்லாம் வேலை இருக்கும் வரைக்கும்தான். பாட்டி பிறந்து, அம்மா பிறந்து, நான் பிறந்த அதே லயத்து வரிசை வீட்டுக்கு, வேலை போன மறுநாள் நாங்கள் அந்நியர். சட்டத்தில் எழுதியிருப்பதைப் படிக்க ஆள் இருக்கிறது. எழுதாமல் விட்டதை எடுத்து எழுத ஆள் இல்லை. இந்தப் படிப்பு அந்த வேலைக்கு.

முதல் பருவத்திலேயே ‘போதுமான வசிப்பிடம்’ என்ற தலைப்பு வந்தது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐநா குழு 1991இல் வெளியிட்ட நான்காம் பொதுக் கருத்துரை. கூரையும் சுவரும் இருந்தால் மட்டும் வீடாகிவிடாது, நினைத்த நேரத்தில் வெளியே தள்ள முடியாத பாதுகாப்பும் வேண்டும் என்கிறது. 1997இல் வந்த ஏழாம் கருத்துரை கட்டாய வெளியேற்றத்தைப் பற்றியது: முன்கூட்டிப் பேச வேண்டும், போதிய அவகாசம் தர வேண்டும், எவரும் வீடற்றவராகிவிடக் கூடாது. ரயிலில் உட்கார்ந்து இதைப் படித்தேன். ஈப்போ தாண்டியிருக்கும். அம்மாவின் ‘அப்ப வீடு?’ அதே கேள்வியாக, ஆங்கிலத்தில், பத்தி எண் போட்டு இருந்தது.

அந்தக் குழு கண்காணிக்கும் உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. இதை மறைத்துவிட்டுப் பேசினால் நான் உங்களை ஏமாற்றியதாகும். பெண்களுக்கான உடன்படிக்கையிலும் குழந்தைகளுக்கான உடன்படிக்கையிலும் 1995இல் சேர்ந்தோம், உடல்குறையுற்றோருக்கானதில் 2010இல். இன ஒதுக்கலுக்கு எதிரான உடன்படிக்கையை 2018இல் கையில் எடுத்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் சேராமலே கீழே வைத்துவிட்டோம். அப்புறம் இதையெல்லாம் படித்து என்ன பயன்? வகுப்பில் நானும் அதைத்தான் கேட்டேன். பதிலுக்குச் சிலாங்கூர் மாநிலத்து டெங்கிலைக் காட்டினார்கள்.

டெங்கிலில் புக்கிட் தம்போய் என்று ஒரு தெமுவான் பூர்வகுடிக் கிராமம். கேஎல்ஐஏ விமான நிலைய நெடுஞ்சாலைக்காக 38 ஏக்கர் எடுத்தார்கள். சாகோங் தாசி என்பவரும் அவருடைய உறவினரும் வழக்குப் போட்டார்கள். கையில் பட்டா கிடையாது. 2002இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றமும், 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், வழிவழியாக இருந்துவந்த அந்த நிலம் அவர்களுடையதே, சொத்துக்கான இழப்பீடு தர வேண்டும் என்றன. அந்த முடிவுக்கு வர வெளிநாட்டுப் பூர்வகுடித் தீர்ப்புகளையும் எடுத்து வைத்துத்தான் வாதாட வேண்டியிருந்தது. அதே டெங்கிலில், புதிய நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவுக்காகக் காலி செய்யப்பட்ட பிராங் பெசார் முதலான தோட்டங்களின் நம் ஆட்களை அடுக்குமாடி வீடுகளில் குடிவைத்தார்கள். ஒரே வட்டாரம், ஏறக்குறைய ஒரே காலம். தெமுவான் மக்களுக்கு வழிவழி உரிமை என்று வாதாட ஒரு வாசல் திறந்தது. தோட்டத்து மக்களுக்கு அப்படி ஒரு வாசல் இன்னும் கட்டப்படவே இல்லை. எந்தச் சுவரில் கட்டலாம் என்பதைத்தான் என் ஆய்வேட்டில் எழுத நினைக்கிறேன். அரசியலமைப்பின் 5ஆவது பிரிவில் உள்ள ‘உயிர்’ என்ற சொல்லுக்குள் பிழைப்பும் அடங்கும் என்று 1996இல் ‘தான் தெக் செங்’ என்பவரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பிழைப்பு அடங்கும் என்றால் பிழைப்போடு கட்டிப்போட்ட வீடு? இதற்குமேல் இங்கே வளர்த்தினால் நீங்கள் மடலை மடித்து வைத்துவிடுவீர்கள்.

“சமூக நீதின்னா அரசியல்தானே” என்றும் ஒருவர் கேட்டார். இருக்கலாம். ஆனால் நம் ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்பது வேடிக்கை. 1948 ஜூன் 16ஆம் தேதி இங்கேதான், எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க நாட்டில் அவசரகாலம் அதோடு தொடங்கியது. அது முடிய 1960 ஆயிற்று. தொடங்கிய மறு ஆண்டே, 1949இல், தொழிற்சங்கத் தலைவர் கணபதியைப் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டதையும், வேலைக்காட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிறார்களா என்று வாசலில் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்ததையும் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதே 1948, டிசம்பர் 10ஆம் தேதி, பாரிஸில் அனைத்துலக மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. முப்பது பிரிவு. ஒரே ஆண்டின் இரண்டு முனை. ஒரு முனை நம் ஊரில்தான் இருக்கிறது, அதைப் படிக்க மட்டும் நிதி இல்லை என்கிறோம்.

படிப்பில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. வாரத்துக்கு நூறு பக்கம் வாசிக்கத் தருகிறார்கள், பாதி ஆங்கிலம் எழுதியவருக்கே புரிந்திருக்குமா என்பது சந்தேகம். பெரட்டு என்றால் என்னவென்று நான்தான் வகுப்புக்கு விளக்கினேன். இன்னொரு மனக்குறையும் உண்டு. ஆய்வு என்று சொல்லிக்கொண்டு மாணவர்கள் வேனில் தோட்டத்துக்கு வருவார்கள். சம்மதப் பாரத்தில் கையெழுத்து வாங்குவார்கள் (நம் சனத்துக்குக் கையெழுத்து என்றாலே வயிறு கலங்கும், ஏனென்று மேலே சொல்லிவிட்டேன்), பிஸ்கட்டும் மைலோவும் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆய்வேடு நூலகத்தில் ஆங்கிலத்தில் உறங்கும். பேசியவர்களுக்கு ஒரு பக்கம்கூடத் திரும்பி வராது. வெளியாள் படித்தால் இப்படித்தான் ஆகும். இந்த ஊர்ப் பிள்ளைகளே படிக்க வேண்டும் என்கிறேன்.

சம்பளத்துக்கு வருகிறேன். ஐயா கேட்டதைத் தட்டிக் கழித்ததாக வேண்டாம்.

இப்போது லயங்களில் யார் இருக்கிறார்கள்? போய்ப் பாருங்கள். நான் பிறந்த தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் ஒரு வரிசை லயத்தில் வங்காளதேசத்துப் பையன்கள். போன தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோனேன். ஒருவனுக்கு அரைகுறை மலாய் வரும். ஊரில் ஏஜெண்டுக்குக் கட்ட நிலத்தை அடகு வைத்து வந்தானாம், இரண்டு வருஷ உழைப்பு கடனுக்கே போகிறதாம். பாஸ்போர்ட் எங்கே என்றேன். ஆபீஸ் பக்கம் கையைக் காட்டினான். எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. சஞ்சிக்கூலி என்ற ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது, கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938இல் நின்றது. கங்காணி கொடுத்த முன்பணத்தைக் கழிக்கத் தாத்தாவுக்கு எத்தனை வருஷம் ஆனதென்று குடும்பத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. இந்தப் பையனின் கணக்கையாவது ஒருவர் எழுதி வைக்கட்டுமே.

இதைக் கணக்கெழுதத் தெரிந்தவர்களைத்தான் இப்போது பெரிய நிறுவனங்களே தேடுகின்றன. 2020இல் இரண்டு பெரிய மலேசியச் செம்பனை நிறுவனங்களின் எண்ணெய்க்கு அமெரிக்கச் சுங்கத் துறை தடை போட்டது. காரணம் கட்டாய உழைப்புக்கான அறிகுறிகள். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு அப்படிப் பதினோரு அறிகுறிகளை வகுத்திருக்கிறது. அடையாளப் பத்திரத்தைப் பிடித்து வைப்பது ஒன்று, கடனால் கட்டிப்போடுவது ஒன்று. 2022இல் மலேசியா கட்டாய உழைப்பு பற்றிய கூடுதல் ஒப்பந்தத்தை ஏற்றது. நிறுவனத்துக்கு உள்ளே உட்கார்ந்து பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வைக்கும் வேலைக்கும் ஆள் தேவை, வெளியே நின்று அது நடந்ததா என்று சரிபார்க்கும் வேலைக்கும் ஆள் தேவை. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான சுஹாகாம் மனித உரிமை ஆணையம் இருக்கிறது, தொழிற்சங்கங்கள் இருக்கின்றன, குடியுரிமைச் சிக்கலில் நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டையோடு அலைபவர்களுக்கு உதவும் அமைப்புகள் இருக்கின்றன. டாக்டர் சம்பளம் வராதுதான். பார்மசித் தம்பியைவிடக் குறைவாகத்தான் வரும். 14ஆம் கட்டத்தைக் காலியாக விட்டதற்கு அதுதான் காரணம்: பொய்த் தொகை எழுத மனம் வரவில்லை, உண்மைத் தொகையை எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று பயந்தேன். தொகை எழுதாமலே சிரித்துவிட்டீர்கள்.

ஓர் எண் மட்டும் சொல்கிறேன். ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளிக்குக் கீழே வருமானம் வந்தால்தான் ஏழை என்று நம் நாட்டில் 2020 வரை கணக்கு வைத்திருந்தார்கள். அதன்படி 2016இல் ஏழைகள் வெறும் 0.4 விழுக்காடு. நம் வட்டாரத்தில் உதவி கேட்டுப் போன எத்தனையோ பேரை, நீங்கள் ஏழை இல்லை என்று அந்தக் கணக்குத்தான் திருப்பி அனுப்பியது. உள்ளூர் ஆய்வாளர்கள் இது தவறென்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2019 ஆகஸ்டில் தீவிர வறுமைக்கான ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து பார்த்துவிட்டு வெளிப்படையாகவே சொன்னார். அரசாங்கம் மறுத்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் கோடு 2,208 வெள்ளிக்கு ஏறியது. புதுக் கணக்கில் 2019இன் வறுமை 5.6 விழுக்காடு. அவர் ஒருவரால் மாறியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரிடம் பேசவும், அவருக்கு எழுதிக் கொடுக்கவும் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். நாலரை ஆண்டுக்கு ஒருமுறை ஜெனீவாவில் ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் ஆராய்கிறார்கள், நம் நாட்டுக்குக் கடைசியாக 2024 ஜனவரியில் நடந்தது. அதற்கு அமைப்புகளும் அறிக்கை அனுப்பலாம், தனியாக அனுப்பினால் 2,815 சொல்லுக்கு மேல் ஏற்க மாட்டார்கள். இந்த மடலைவிட நீளம், அவ்வளவுதான். பேராவின் தோட்டப் பட்டணங்களைப் பற்றி 2,815 சொல் எழுத நம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விரல் விட்டுப் பார்த்தேன். ஒரு கையே அதிகம்.

உங்கள் மண்டபத்தில் துன் சம்பந்தனின் படம் இருக்கிறது. மாலை வாடாமல் பார்த்துக்கொள்கிறீர்கள், சந்தோஷம். இந்த ஊரில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்துவிட்டு வந்தவர். டாக்டருக்கோ இன்ஜினியருக்கோ அல்ல. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போனபோது, ஆயிரக்கணக்கானவர் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தார்கள். 1960இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அமைச்சராக இருந்துகொண்டே தோட்டம் தோட்டமாகப் போய், பால்வெட்டுக்காரர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டினார். மறு ஆண்டு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அந்தப் பணத்தில் வாங்கினார்கள். வெட்டுகிறவனே தோட்டத்துக்குச் சொந்தக்காரன். வேலை போனால் வீடும் போகும் என்ற அதே முடிச்சை அவிழ்க்க அவர் பார்த்த வழி அது. அம்மாவின் ‘அப்ப வீடு?’வுக்கு 1960இல் ஒருவர் தேடிய பதில். அதற்குப் பிறகு வேறு பதிலை யார் தேடினார்கள்?

நான் கேட்பது பெரிதல்ல. ‘தொழில்சார் துறை’ என்ற வரியை எடுத்துவிடுங்கள், அல்லது அதன் பக்கத்தில் சமூக அறிவியலையும் சேருங்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் விண்ணப்பிக்கக் கூடாது என்ற விதியையும் ஒருமுறை யோசியுங்கள், எனக்கு விலக்குக் கொடுத்து உட்கார வைத்தீர்கள், எல்லாருக்கும் கொடுப்பீர்களா தெரியவில்லை. கொடுக்கும் பணத்துக்கு ஈடு கேளுங்கள், தப்பில்லை. நிதி வாங்கிய பிள்ளை மாதம் ஒரு ஞாயிறு கோயில் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார வேண்டும், சனங்கள் கொண்டுவரும் நோட்டிஸ், கடிதம், ஒப்பந்தம் எதுவாயினும் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். ஆய்வேட்டைத் தமிழில் பத்துப் பக்கமாகச் சுருக்கி உங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் போடுங்கள். எனக்கு நீங்கள் ஒரு காசு தரவில்லை. ஆனாலும் இரண்டையும் நான் செய்வேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேசையைக் கொண்டுவருகிறேன், நாற்காலி மட்டும் மண்டபத்திலிருந்து இரண்டு கொடுங்கள்.

அந்தப் பெண் நேர்காணலுக்கு வரும் நாளில் நானும் வாசலில் இருப்பேன். உள்ளே வர மாட்டேன். அவளும் 14ஆம் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பாள், நான்தான் அப்படி விடச் சொன்னேன். அவளுடைய பாட்டியும் என் அம்மாவோடு ஒரே நாளில் அதே தாளில் மை வைத்தவர். அதைப் பற்றி அவளிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டில் ஒரு வக்கீல் அலுவலகக் குமாஸ்தா